பட்டியலில் யாரைச் சேர்க்கிறார்?

இந்த வருஷம் வருமான வரிக் கணக்கைத் தானே போடப்போவதாக என் வீட்டுக்காரர் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. நான் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்ப்பவள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதருக்கு வரிப் படிவத்தைப் பார்த்தால் மட்டும் தலை சுற்றும்.

"உனக்கு எதுக்கு சிரமம்? நானே பாத்துக்கறேன்," என்றார்.

சிரமமாம்! சாப்பிட்ட தட்டை ஒரு நாள் கழுவாதவர் கண்ணில் என் சிரமம் பட்டுவிட்டது. அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஆம்பளைங்க திடீர்னு பொறுப்பாயிட்டா கொஞ்சம் உஷாரா இருடி," என்றாள் அவள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் அவர் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அடுப்படியில் என் செல்போன் 'டிங்' என்றது. வரி அலுவலகத்திலிருந்து செய்தி: உங்களைச் சார்ந்திருப்போர் பட்டியலில் மாற்றம் செய்வதற்கான ரகசிய எண் இது. அவர் கணக்குக்கும் என் போன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதை மனிதர் மறந்தே போய்விட்டார் போலிருக்கிறது.

எண்ணைக் கேட்டு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"முடிஞ்சுதா?"

"ம்... நெட்டு சரியில்ல."

அடுத்த நாளும் அதே டிங், அதே பொய்.

பட்டியலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பட்டியலில் இருப்பது இரண்டே பேர்: ஹாஸ்டலில் படிக்கிற மகன், என் மாமியார். மாமியார் காலமானது அந்தக் கணக்கு வருஷத்துக்குள்தான். அதனால் இந்த ஒரு முறை அவர் பெயர் அப்படியே இருக்கலாம், அதுதான் விதி. ஆக, எடுக்க யாரும் இல்லை. அப்படியென்றால் இவர் யாரைச் சேர்க்கப் பார்க்கிறார்? எந்த மாடியில் எந்த மகராசி? கையில் குழந்தை வேறா? இத்தனை வருஷம் இந்த மனிதருக்குப் பொங்கிப் போட்டு, அவர் அம்மாவுக்குக் கடைசிவரை பீ மூத்திரம் அள்ளியதற்கு எனக்கு இதுதானா கூலி? அன்று அச்சகத்தில் ஒரே பில்லை இரண்டு தடவை பதிந்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டிங் கேட்டதும் கரண்டியோடு போய்க் கதவைத் தள்ளினேன்.

"யாருங்க அவ?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எவ?"

"நடிக்காதீங்க. பட்டியல்ல யாரைச் சேக்கறீங்க? நம்பர் எனக்குத்தான் வருது!"

"சேக்கலம்மா..." என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

மாமியார் பெயருக்கு எதிரே 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார். கீழே ஒரு கேள்வி: இவர் இனி உங்களைச் சார்ந்தவர் இல்லை என்று உறுதி செய்கிறீர்களா?

"கடைசியா அம்மாவைக் குளிப்பாட்டினதே நீதான். பேரை எடுக்கறதையும் உன் தலையில கட்டணுமான்னுதான் நானே போடறேன்னு சொன்னேன். என்னாலயும் முடியல. நம்பர் வேற கேக்குது. அதை உன்கிட்ட வந்து எப்படிக் கேக்கறது?"

கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அக்காவை நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

"அட மக்கு மனுஷா, எடுக்கவே வேண்டாங்க. வருஷம் ஆரம்பிச்சப்போ அத்தை உயிரோட இருந்தாங்கல்ல? அது போதும். இந்தக் கணக்குல அவங்க இருக்கலாம்."

"நெசமாவா?"

"கீழ குறிப்புல போட்டிருக்கு பாருங்க. அதைப் படிக்காம மூணு நாளா என் உயிரை வாங்கிட்டீங்க."

'இல்லை' என்பதை அழுத்தச் சொன்னேன். அத்தையின் பெயர் மகன் பெயருக்குக் கீழே பழையபடி நின்றது. மற்ற பக்கங்களை நானே நிரப்பினேன். கணக்கை அனுப்ப இன்னொரு எண் வந்தது. நான் படிக்கப் படிக்க அவர் ஒற்றை விரலால் தட்டினார்.

எல்லாம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வருஷம்?" என்றார்.

"அடுத்த வருஷம் எடுத்துத்தான் ஆகணும்."

"அப்போ ரெண்டு பேருமா உக்காந்து போடலாம்," என்றவர் அழ ஆரம்பித்தார். அத்தை போன அன்றைக்குக்கூட அழாத மனிதர்.