மடங்கக் கூடாத விரல்

பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்த பார்சல் வேன் ஒன்று சலூன்காரரின் வலது கையைக் கடைக் கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கட்டைவிரலிலும் மோதிரவிரலிலும் நரம்பு அறுந்து தையல் போட்டார்கள். கத்தரி பிடிக்கிறவருக்கு அந்த இரண்டும்தான் விரல். மற்ற மூன்றும் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி, சும்மா கூட இருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்த டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார். "தினம் மூணு வேளை மடக்கி நீட்டணும். வலிக்கத்தான் செய்யும், விடக் கூடாது. மூணு மாசம் சும்மா விட்டீங்கன்னா அப்புறம் நானே நினைச்சாலும் மடக்க முடியாது."

இதைக் கேட்டுக்கொண்டு மனுஷன் ஒழுங்காக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கூட மச்சினன் இருந்தான். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம். பெண்டாட்டியின் தம்பி என்பதால் சலூன்காரர் அவன் பேச்சைத் தட்டியதில்லை.

"நஷ்டஈடு வாங்காம சும்மா விடலாமா மாமா? நல்ல வக்கீலாப் பிடிக்கணும்" என்றான்.

கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் படியேறி இறங்கினார்கள். முதல் வக்கீல் எழுந்து நின்றே வரவேற்றார்.

"உயிர்ச்சேதம் உண்டா?"

"இல்ல சார், கை மட்டும்தான்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஏதோ கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவராதவர் மாதிரி சலூன்காரருக்கே வெட்கமாகப் போயிற்று. இரண்டாவது வக்கீல் என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை மச்சினனுக்கே விளங்கி, அவனே முதலில் வெளியே வந்தான்.

மூன்றாவது அலுவலகத்தில் உட்கார இடமில்லை. கழுத்துப்பட்டை, மாவுக்கட்டு, ஊன்றுகோல் என்று எங்கும் ஒரே கூட்டம். பெயரைக் கூப்பிட்டதும் ஒருவர் ஊன்றுகோல்கள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். குமாஸ்தா முறைத்த பிறகுதான் அவருக்குக் கால் வலி ஞாபகம் வந்தது. சலூன்காரருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"கூட்டத்தைப் பாருங்க மாமா. கைராசிக்காரர்" என்றான் மச்சினன்.

கைராசிக்காரர் சலூன்காரரின் கையை வாங்கி, கத்தரிக்காய் பொறுக்குகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மடங்குதே" என்றார் கவலையாக.

"டாக்டர் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கார் சார்."

"தாராளமா செய்யுங்க. நான் வேண்டாம்னா சொல்றேன்? மருத்துவக் குழு கையைப் பார்த்து எத்தனை சதவீதம் ஊனம்னு எழுதித் தரணும். அது முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சிடுங்க. இப்பவே விரல் மடங்குச்சுன்னா கேஸ் படுத்துக்கும்."

"குழு எப்ப பார்ப்பாங்க சார்?"

"அடுத்த மாசம்."

அந்த அலுவலகத்தில் அடுத்த மாதம் என்பது எப்போது கேட்டாலும் அடுத்த மாதம்தான். ஒரு முறை குழுவில் ஒரு டாக்டர் லீவு. இன்னொரு முறை ஃபைலைக் காணோம். மூன்றாம் முறைக்குக் காரணம்கூட யாரும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி மட்டும் விடாமல் சண்டை போட்டாள். "தாடி பத்தி எரியறப்ப சுருட்டுக்கு நெருப்புக் கேக்கிற ஆளு அந்த வக்கீலு. அவர் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்று ரப்பர் பந்தைக் கையில் திணித்தாள். இரண்டு தடவை அமுக்கினார். உயிர் போகிற வலி. வலிக்கிற வேலையைச் செய்யாதே என்று வக்கீலே சொல்லும்போது, செய்வதற்கு அவருக்கென்ன பைத்தியமா? பந்து அலமாரிக்குப் போயிற்று. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் ஒருவழியாகத் தேதி கிடைத்தது. முந்தின நாள் மாலை மச்சினனோடு ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார் வக்கீல். எப்படி உட்கார வேண்டும், எந்த இடத்தில் முகம் சுளிக்க வேண்டும் என்று அவர் நடித்தே காட்டினார். சலூன்காரரின் கண்ணோ வக்கீலின் மீசையை விட்டு நகரவில்லை. இடப்பக்கம் ஒரு நூல் நீளம். இருபத்தைந்து வருஷத் தொழில். கோணல் மீசைக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. குமாஸ்தா மேசையில் காகிதம் வெட்டுகிற கத்தரி கிடந்தது.

"ஒரு நிமிஷம் சார், அசையாதீங்க" என்று எடுத்தார். கையில் கோளாறு என்பதே மறந்துபோயிருந்தது.

மோதிரவிரல் வளையத்துக்குள் நுழையவில்லை. இடது கையால் பிடித்து நுழைத்தார். கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். கத்தரி நழுவி ஃபைலின் மேல் விழுந்தது.

வக்கீல் கைதட்டினார். "பிரமாதம். இத்தனை நாளா இந்தத் திறமையை எங்க வச்சிருந்தீங்க?"

"நடிக்கல சார்." சலூன்காரர் இடது கையால் கட்டைவிரலைப் பிடித்து மடக்கப் பார்த்தார். "நிஜமாவே வரல."

வக்கீல் பூரிப்போடு மச்சினன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இதையும் இப்படியே சொல்லச் சொல்லுங்க. இந்தக் குரல் மட்டும் மாறாமப் பாத்துக்கங்க."