வெள்ளைத் துணியில் நீல நூல்

பெண்களின் கைகளில்தான் நாளைய உலகின் திருப்புளி இருக்கிறது என்று தொடக்க விழாவில் முழங்கினார் முகாமின் இயக்குநர். திருகாணி கழற்றும் திருப்புளிகள் எல்லாம் அலமாரியில் இருந்தன. சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. சின்னப் பிள்ளைகள், எங்காவது குத்திக்கொண்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே கோடை விடுமுறையின் அந்தப் பொறியியல் முகாமில் மாணவிகள் பொம்மை வண்டிகளுக்கு ரோஜா நிறம் அடித்தார்கள், பூ ஒட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஒட்டிய பூவைப் பிய்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தாள். எதையும் சும்மா விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். ஹேர்பின்னால் திருகாணியைக் கழற்றி, மோட்டாருக்குத் தானே கம்பி இழுத்தாள். முகாமிலேயே ஓடிய வண்டி அது ஒன்றுதான்.

ஓடித்தான் ஆகவேண்டும். அவள் அப்பா தையற்காரர். முகாமுக்கு நீல ஏப்ரன்கள் தைத்துக் கொடுத்தவர். அவள் பொறியியலுக்குப் போகும் பாடப்பிரிவு கேட்டாள், அவர் கணக்குப்பதிவியல் என்றார். இருவருக்கும் சண்டை. கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். நிறைவு விழாவில் வண்டி ஓடுவதைத் தம் கண்ணால் பார்த்தால் சம்மதம்.

முகாம் பயிற்சியாளரின் கவலை வேறு. நோண்டி கடைசி நேரத்தில் எதையாவது கழற்றிவிட்டால்? விழாவுக்கு முந்தின மாலை ரிமோட்டை அமுக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியின் மூடியைச் சுற்றிப் பசை ஊற்றி இறுக்கினார். உள்ளே இருந்த சுவிட்சை அணைக்க மறந்தார். பேட்டரி இரவெல்லாம் சும்மா விழித்திருந்தே தீர்ந்துபோனது.

மறுநாள் ரிமோட்டுக்கு வண்டி அசையவில்லை. பத்து நிமிஷம் கொடுத்தால் பசையைச் சுரண்டி பேட்டரியை மாற்றிவிடுவேன் என்று நோண்டி கெஞ்சினாள். சிறப்பு விருந்தினர் வாசலில் வந்து நிற்கிறார், பிரித்தது திரும்பச் சேராவிட்டால் யார் மானம் போகும் என்று கேட்டார் இயக்குநர். ஏப்ரன் மூட்டையிலிருந்து நீல நூற்கண்டை எடுத்து நீட்டினார்.

"வண்டியில கட்டும்மா. மேஜையோட அந்தப் பக்கம் நின்னு மெல்ல இழு. சிரிச்ச முகமா இரு."

மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வண்டியை வைத்து நோண்டி நூலைக் கட்டினாள்.

விருந்தினர் ரிமோட்டில் இடப்பக்கம் திருப்பும் பொத்தானை அமுக்க, வண்டி நேராகப் போனது. சொன்னதைக் கேட்காமல் தானாகவே முடிவெடுக்கிறதே என்று அவர் அதன் அறிவை வியந்தார். அரங்கம் கைதட்டியது. படம் பிடித்தார்கள்.

விழா முடிந்து அப்பாவும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"வெள்ளைத் துணி மேல நீல நூல் போட்டா தெரியும்மா," என்றார் அவர்.

அவள் பசையையும் பேட்டரியையும் சொன்னாள்.

"நேத்து ஓடுச்சுப்பா. நெஜமா."

"ஓடியிருக்கும். நான் பாக்கலையே."

மறுநாள் முகாமுக்குப் போய், அப்பாவுக்கு ஓட்டிக் காட்ட வண்டியைக் கேட்டாள். அது விருந்தினர் கை பட்ட காட்சிப்பொருள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது, இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளி திறந்ததும் நோண்டி கணக்குப்பதிவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கோடை முகாமுக்கான விளம்பரப் பலகையில் அவள் படத்தையே போட்டிருக்கிறார்கள். நூல் தெரிகிறது.