நூற்றிருபது புது வால்வுகள்

ஈனிட் ஹாஸ்லமுக்குக் கணிப்பொறியில் கிடைத்தது வியாழக்கிழமை காலை இரண்டே மணி நேரம். வெள்ளியோடு கல்லூரியில் அவள் வேலை முடிகிறது. விமான இறக்கை அதிர்வுக் கணக்கு நூறு நிமிடம் நிற்காமல் ஓடினால் முடிவு கைக்கு வரும். இயந்திரத்துக்குள் எரியும் கண்ணாடிக் குழல்களான மூவாயிரம் வால்வில் ஒன்று படுத்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு அந்த நூறு நிமிடத்தில் தொங்கியது.

பத்து மணிக்கு உள்ளே போனால், இயந்திரத்தைப் பராமரிக்கும் வில்ஃப் பிக்கர்ஸ்டாஃப் சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல நின்றிருந்தார்.

"உங்களுக்காகவே விடியக்காலையில வந்து நூத்திருபது பழைய வால்வைக் கழட்டிட்டேன் மிஸ். எல்லாம் இப்பப் பிரிச்ச புது சரக்கு!"

ஏழாவது நிமிடம் இயந்திரம் நின்றது. ஒரு வால்வை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். பதினோராவது நிமிடம் இன்னொன்று. அப்புறம் நான்கே நிமிடத்தில் மூன்றாவது.

"புதுசு எப்படி மிஸ் போகும்?" வில்ஃப் அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார்.

செத்த மூன்றையும் ஈனிட் திருப்பிப் பார்த்தாள். மூன்றும் இன்று மாட்டியவை. "புதுசுங்கறதாலதான் போகுது. செய்யும்போதே கோளாறானது முதல் சில நாள்லயே படுத்துடும். நீங்க கழட்டினது ஒரு வருஷம் சூட்டுல வெந்து தேறினது. அதெல்லாம் எங்க? குப்பையிலயா?"

"சந்தையில ரேடியோ வித்தவன் மிஸ் நான். எரியற வால்வைக் குப்பையில போடுவேனா?"

வைக்கோல் அடைத்த பெட்டியில் பழைய வால்வுகள் வந்தன. ஒவ்வொரு வால்விலும் அது இருந்த குழியின் எண்ணை மெழுகுப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இருவரும் மாட்டி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. அடுத்த நேரம் பேராசிரியர் பில்லிங்குடையது. அரை நிமிடத்துக்கும் சண்டைக்கு வரும் ஆள். வாசலிலேயே வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல சார். புது வால்வு மூணு போயி, பழசையே திரும்ப மாட்டினோம். என் நேரம் போயிடுச்சு."

"என் நேரம் இருக்கே, எடுத்துக்கோ. இந்தப் புது சரக்கு என் கணக்கு ஓடும்போது படுத்திருந்தா நான்தானே தலையைப் பிச்சுக்கிட்டிருப்பேன்? எனக்குப் பதிலா நீ பட்டுட்ட."

இயந்திரம் ஓடியது. அறுபது. எண்பது. தொண்ணூறாவது நிமிடத்தில் வில்ஃப் ஒரு தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினார். நூறு தாண்டியதும் டெலிபிரிண்டர் கடகடவென முடிவை அடித்துத் தள்ளியது.

"நல்லது செய்யறேன்னு கெடுக்கப் பார்த்தேன். மன்னிச்சிடுங்க மிஸ்."

"நம்பர் போட்டு வச்சீங்களே வில்ஃப், அதாலதான் பிழைச்சேன். கட்டுரையில நன்றி சொல்ற இடத்துல முதல் பேர் உங்களுதுதான்."

வில்ஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு பிரதி கொடுங்க மிஸ். ஒண்ணு, என்னை உருப்படமாட்டான்னு சொன்ன மாமியாருக்கு அனுப்பணும்."