என் தட்டுக்கு வராத முட்டை

என் நுரையீரல் கட்டியைத் தேடிப் போகும் மருந்து அது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். உடம்பெல்லாம் இறைபடாமல் கட்டியிடமே போய் இறங்குமாம். இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை. கூடவே ஓர் உணவுத் திட்டம்: தினம் மூன்று முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. நான் சாப்பிட்டதை நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது என் கணவர். முத்து முத்தான கையெழுத்து.

ஆறாவது வாரம் எடை பார்த்துவிட்டு டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஒரு வேளை விடாம சாப்பிட்டிருக்கீங்க. ஆனா மூணு கிலோ குறைஞ்சிருக்கு. சாப்பாடு உடம்புல ஒட்டல போல. இன்னும் ஒரு கிலோ குறைஞ்சா ஊசிய நிறுத்தணும்."

"நானும் பாத்துப் பாத்துதான் குடுக்கறேன், டாக்டர்," என்றார் கணவர்.

கொடுக்கிறாராம்! அடுப்படியில் நிற்பது நான். முட்டை வெந்ததும், "அண்ணி, எனக்கு ஒண்ணு," என்று நாத்தனார் வருவாள். மற்ற இரண்டும் கணவர் தட்டுக்குப் போகும். யாரும் பிடுங்கவில்லை, நானேதான் வைத்தேன். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக அங்கே போகிறது. அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம்தான். ஆனால் தின்று கைகழுவிவிட்டு வந்து அதையெல்லாம் என் கணக்கில் எழுதினாரே! மருந்துக்குக்கூட என் விலாசம் தெரிந்திருக்கிறது; இந்த வீட்டு முட்டைக்குத்தான் தெரியவில்லை.

மேசையிலிருந்த பேனாவை எடுத்து, நோட்டில் இருந்ததை முதல் பக்கத்திலிருந்து கோடு போட்டு அடிக்கத் தொடங்கினேன்.

"ஏய், என்ன பண்ற? மானத்த வாங்காத."

"மூணு முட்டைன்னு எழுதியிருக்கீங்களே, ரெண்டு உங்க வயித்துல, ஒண்ணு உங்க தங்கச்சி வயித்துல. டாக்டர், இந்த அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரையும் எடை பாருங்க, நல்லா ஏறியிருக்கும்."

"நீ சாப்பிட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டீங்களா?"

பக்கத்து மேசையில் இருந்த, உணவுத் திட்டம் போட்டுத் தந்த டயட்டீஷியன் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த ஆறு வாரக் கணக்கும் செல்லாது. ரெண்டு வாரம் டைம் தரேன். எடை ஏறலன்னா சோதனையில உங்கள வச்சுக்க முடியாது."

டயட்டீஷியன் எடுத்துக் கொடுத்த புது நோட்டுக்குக் கணவர் கை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

கேன்டீனில் மூன்று அவித்த முட்டை வாங்கி உட்கார்ந்தேன். அவர் எதிரே வந்து அமர்ந்தார்.

"எனக்கும் பசிக்குது," என்றார்.

என் வலது கை ஒரு முட்டையை அவர் பக்கம் நகர்த்தப் போனது. இடது கையால் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"அங்க வரிசையில நின்னா குடுப்பாங்க."

மூன்றையும் தின்று முடித்த பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.