அக்கா கேட்ட கேள்வி

மருந்துக்கடைக்காரரின் அக்கா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஈரம் சொட்டும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டு, உதறி, இன்னொருத்தியோடு முனை பிடித்து மடிக்கிற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒண்டியாக நின்று மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கைகள்தான். "என் கை கட்டைடா, தேயவே தேயாது" என்பாள்.

அந்தக் கைதான் மூன்று வருடத்துக்கு முன் முதலில் மக்கர் பண்ணியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி வைத்தால்தான் ரவிக்கை ஊக்கு மாட்ட வரும். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் கோலிக்குண்டு மாதிரி வீங்கின.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரலாம்க்கா."

"காட்டினா லீவு போடச் சொல்வாரு. லீவு போட்டா என் எடத்துக்கு வேற ஆள் வந்துடும். தம்பி நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடா டாக்டர்?"

அந்தப் பேச்சு அவருக்கு இனித்தது. வீட்டில் மண்டு என்று பேர் வாங்கிய கடைக்குட்டி அவர். ஐம்பது வயதாகியும் அவரிடம் யோசனை கேட்டது அக்கா ஒருத்திதான். தைலம் கொடுத்தார், கை உறை கொடுத்தார், மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் விற்கிற சாதாரண வலி மாத்திரையைக் கொடுத்தார். அது கேட்டது.

அந்தப் புட்டி மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும். குழந்தைகள் திறக்கக் கூடாது என்று செய்தது. அக்காவாலும் திறக்க முடியவில்லை. அவரே திறந்து, மாத்திரைகளை ஒரு மிட்டாய் டப்பாவில் கொட்டிக் கொடுத்தார். பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, வயிற்றைப் புண்ணாக்கும் என்று அச்சடித்த தாள் புட்டியோடு குப்பைக்குப் போனது. "சாப்பிட்டுட்டுப் போடுக்கா" என்று வாயால் சொன்னார். சொன்னதோடு சரி. டப்பா காலியாகும் போதெல்லாம் நிரப்பினார்.

போன வருடம் சலவைக்கூடத்தில் ஒருத்தி 'மூட்டுக்கு மூலிகை' என்று ஒரு பொட்டலம் விற்றாள். அக்கா அதைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினாள்.

"ரெண்டே நாள்டா. விரலெல்லாம் மடங்குது, படிக்கட்டுல தடதடன்னு ஏறுறேன். உன் மாத்திரை இதுகிட்ட நிக்காது."

பொட்டலத்தில் செய்தவர் முகவரி இல்லை. ரெண்டே நாளில் வலியைத் துடைத்தெறிகிற மூலிகையை அவர் பார்த்ததில்லை. உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று மனசில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஆனால் அக்கா சிரித்து வெகு நாளாகியிருந்தது. "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்த மூலிகையா?" என்று கேலி பேசி அனுப்பிவிட்டார். இனித் தன் மாத்திரையை விட்டுவிடுவாள் என்று நினைத்தார். அவளோ டப்பாவில் மிச்சமிருந்ததையும் விடாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டாள்.

ஊரெங்கும் காய்ச்சல் பரவிய சமயம் அது. கடை வாசலில் பத்துப் பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக் கூச்சத்தோடு கேட்டாள்.

"ஏன்டா, இரும்புச்சத்து மாத்திரை போட்டா வெளிக்குப் போறது கறுப்பாப் போகுமா?"

"ஆமாக்கா, போகும். பயப்படாத" என்றார், சில்லறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியான பதில்தான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அக்கா இரும்புச்சத்து மாத்திரையே போடவில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி, அந்த மாத்திரை போட்டுத் தனக்கு அப்படிப் போனதாகச் சொல்லியிருக்கிறாள். மூலிகையிலும் இரும்பு இருக்கும் போல என்று அக்காவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். 'உனக்கா?' என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால் போதும்.

நாலாம் நாள் சலவைக்கூடத்தில், நனைந்த விரிப்புகள் மேலேயே அக்கா சரிந்து விழுந்தாள். வெள்ளை விரிப்பெல்லாம் ரத்த வாந்தி.

ஆஸ்பத்திரியில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் புண் வெடித்திருந்தது, சிறுநீரகமும் பாதி கெட்டிருந்தது. இளவயது டாக்டரம்மா மிட்டாய் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இதை யாரும்மா உங்களுக்குக் குடுத்தது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நானேதான் அங்க இங்க வாங்கிப் போட்டேம்மா. என் தம்பி வேணாம் வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டான்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'நான்தான்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கடை கண்முன்னால் வந்தது, உரிமம் வந்தது. சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து மூட்டு டாக்டர் வந்து, கை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது வயசான தேய்மானம் இல்ல. முடக்குவாதம். உடம்பே மூட்டை அரிச்சுத் தின்னுடும். ஆரம்பத்துல வந்திருந்தா நல்ல மருந்து இருந்துச்சு. வலி தெரியாம மாத்திரை போட்டு மறைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. போன எலும்பு போனதுதான். சிறுநீரகம் இந்த நிலைமையில இருக்கு, இனிமே எதைக் குடுக்கிறதுக்கும் யோசிக்கணும்."

அக்காவின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். பத்து நாள் வந்திருந்து, அழுதுவிட்டுப் போனாள். அவர் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து ஜன்னல் ஓரத்து அறையைக் கொடுத்தார். அவள் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவருடைய மனைவி விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் அக்காவுக்குத் தலை வாரும் வேலை அவர் தலையில் விழுந்தது. மாத்திரை எண்ணிப் பழகிய விரல்களுக்குப் பின்னல் பிடிபட ஒரு மாதமானது.

ஒருநாள் சீப்பை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "அக்கா, அன்னிக்குக் கடையில நீ ஒண்ணு கேட்டியே. நான் திரும்பிக்கூடப் பார்க்காம..."

அக்காவின் வளைந்துபோன விரல்கள் மடியில் கிடந்தன. வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

"வலிக்குதுடா" என்றாள். மூன்று வருடத்தில் அவள் அந்த வார்த்தையை அப்படி வெறுமனே சொன்னது அன்றுதான். மருந்து கேட்கவில்லை. கேட்டாலும் அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை.

பிறகு, "சீக்கிரம் முடிடா. கடை தெறக்க நேரமாச்சு" என்றாள்.

அவர் முடியை மூன்று கால் பிரித்துப் பின்னத் தொடங்கினார்.