கரிசல் விட்ட மூச்சு

பேராசிரியர் அய்யாதுரைக்கு ஒரு குணம் உண்டு. ஆய்வில் எண்கள் பெரிதாக வந்தால் அது அவருடைய மூளை. தப்பாக வந்தால் யாரோ ஒரு கூலிக்காரியின் கை. அந்த மனிதரிடம் ஆராய்ச்சி மாணவியாக இத்தனை காலம் குப்பை கொட்டினேனே என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

2007-ல் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் எங்கள் வேலை. மண் சும்மா கிடப்பதில்லை. அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களைக் காற்றில் விட்டபடியே இருக்கும். அதில் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு என்று அளப்பதுதான் திட்டம். மண்ணில் இரும்பு வளையம் பதித்து, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் அடைப்போம். நான் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் வளையங்களைச் சுத்தம் செய்து வைப்பது வள்ளித்தாய் அக்காவின் வேலை.

அக்கா அதற்கு முன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து அடைத்தவள். பக்கத்து அறை வெடித்துத் தங்கச்சி ரோஜா கருகிப்போன பிறகு, பட்டினி கிடந்தாலும் மருந்து ரூம் வாசலை மிதிப்பதில்லை என்று வந்துவிட்டாள். "இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இருக்கும்மா, எடுத்துட்டுப் போயிராதீக" என்பாள்.

குப்பிகளைச் சோதித்தால் எண்கள் எகிறின. காய்ந்த கரிசல் இப்படி வாயு கக்கும் என்று நாங்கள் படித்த எதிலும் இல்லை. அய்யாதுரை தலைகால் புரியாமல் ஆடினார். கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஆடி மாதம் அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒருநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். அக்கா குடத்தோடு நின்று ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீக?"

"பெட்டிக்குள்ள கேசு புடிக்கோம்னு சொன்னீகள்ல? வளையம் வேற இரும்பு. காஞ்ச தரையில இரும்பு உரசுனா பொறி வந்துரும்ல. மருந்து ரூம்ல தண்ணி தெளிக்காம நாங்க கையே வைக்க மாட்டோம்."

அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தேன். காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டால், முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டு வாயுவைக் கொட்டும். நான் வருவதற்குள் வெயில் மேல்மண்ணைக் காயவைத்துவிடும். நாங்கள் இத்தனை நாளும் அளந்தது கரிசலை அல்ல, அக்கா குடத்துத் தண்ணீரை. இந்த வாயு தீப்பிடிக்காது என்று அவளிடம் சொல்ல, படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அய்யாதுரையிடம் சொன்னேன். மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினார். பக்கத்தில் வேலிக்கருவை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அக்காவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அறிவு இருக்கா உனக்கு? என் உழைப்பையே நாசம் பண்ணிட்டியே!"

அக்கா தலை குனியவில்லை. "என்னங்கய்யா இப்படிப் பேசுதீக? பங்குனியில வெள்ளன வந்தப்ப நீங்களே பாத்தீகளே. எதுக்குன்னு கேட்டீக, பொறி வராம இருக்கன்னேன். சிரிச்சிட்டு, தெளி தெளின்னுட்டுத்தான போனீக?"

அவர் முகம் செத்துப்போனது. கட்டுரை கிளம்பியது பங்குனிக்குப் பிறகுதான். தெரிந்தே அனுப்பியிருக்கிறார், பாவி.

"சார், கட்டுரையைத் திரும்ப வாங்குங்க. இல்லைன்னா நானே பத்திரிகைக்கு எழுதுவேன்."

"எழுதிக்கோ. திட்டத்தை இழுத்து மூடுவாங்க. உன் பட்டமும் போகும், இவ கூலியும் போகும்."

அன்று சாயங்காலமே விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். பட்டம் போனால் மயிரே போச்சு என்றிருந்தது. எதையும் மென்று முழுங்கவில்லை. கட்டுரை நின்றது, திட்டமும் நின்றது, என் ஆராய்ச்சியும் அதோடு சரி. அய்யாதுரை மட்டும் அடுத்த திட்டத்தை வாங்கிக்கொண்டு பளபளவென்று திரிந்தார்.

நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று ஆமத்தூர் போனேன். அக்கா காலையிலேயே தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நின்றாள்.

"அந்த ஆளு பண்ணின திருட்டை வெளிய கொண்டாந்துட்டேன்க்கா. உங்க மேல ஒரு பழியும் இல்ல."

"பழி கெடக்கட்டும்" என்றாள். குரல் சுரீரென்று வந்தது. "எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? உங்க பட்டத்தத் தூக்கி எறிஞ்சீக, சரி, அது உங்களுது. எஞ்சோறு யாருது?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நியாயத்தைத்தானே செய்தேன் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் பட்டாசு கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. ஆள் பிடிக்கிற ஏஜென்ட் தலையை வெளியே நீட்டினான்.

"பேப்பர் ஒட்டுறதுக்கெல்லாம் ஆள் ஆயிருச்சு. மருந்து ரூமுக்கு மட்டுந்தான் வேணும். யாரு வாரீக?"

நின்ற பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. வள்ளித்தாய் அக்கா என்னைத் தாண்டிப் போய் ஏறிக்கொண்டாள்.