பதினோராவது டம்ளர்

பஸ்ஸின் பின்குழாயில் சொட்டும் தண்ணீரை டம்ளரில் பிடித்து, வந்தவர்கள் முன்னால் குடித்துக் காட்ட வேண்டும் என்று அந்த டிரைவரம்மாவின் வேலை ஆர்டரில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. முதல் தடவை டிப்போ மேனேஜர் கேட்டார், விளையாட்டாகக் குடித்தாள். அதோடு அந்த வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஹைட்ரஜன் பஸ் புகை விடாது, கேஸும் காற்றும் சேர்ந்து கரண்ட் ஆகும், மிச்சம் வெறும் தண்ணீர்தான் என்று நம்பவைக்க வேண்டுமே! டிப்போவில் அவளுக்குத் 'தண்ணி டேங்க்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த வாரம் பத்து டம்ளர் ஆகியிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பதினோராவதுக்கு நாலு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். காலையில் வர வேண்டிய கேஸ் லாரியை மட்டும் காணோம்.

"வெளிச்சாலையில ஒரு பெரிய ரவுண்டு கூட்டிட்டுப் போம்மா" என்றார் மேனேஜர்.

"போனா ரெண்டு மணி ட்ரிப்புக்கு கேஸ் இருக்காது சார். ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கறவங்க வேலை முடிஞ்சு நிப்பாங்க."

"ஒரு நாள் நிக்கட்டும்."

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. சண்டை போடத் தெம்பில்லை. அதனாலோ என்னவோ, நேரே அதிகாரிகளிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "கேஸ் ஒரு ட்ரிப்புக்குத்தாங்க இருக்கு. ஏறிக்குங்க, ஓடற வண்டியிலயே பாத்துக்கலாம்."

ஏறினார்கள். மேனேஜரும் கடுகடுவென்று ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் முப்பது பெண்கள் பையும் தூக்குச்சட்டியுமாக முண்டியடித்து ஏற, அதிகாரிகள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நரைத்த தலையும் கையில் நோட்டுமாக இருந்த அதிகாரியம்மா டிரைவர் சீட் பக்கம் நகர்ந்து வந்தார். "கேஸ் எங்கேருந்து வருது?"

"ஆறு மணி நேர ஓட்டம், லாரியில வருது."

"லாரி எதுல ஓடுது?"

"டீசல்லதாங்க."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி மேகத்தை எண்ண ஆரம்பித்தார்.

டிப்போவுக்குத் திரும்பியபோது கேஸ் முள் சிவப்பில் கிடந்தது. பின்னாலேயே கரும்புகை கக்கிக்கொண்டு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

"என்ன மாமா, இவ்வளவு நேரம்?"

"வழியெல்லாம் நிறுத்தி சோதனை போடறாங்கம்மா. மூணு நாளா ஒத்தை ஆளா ஓட்டறேன். இப்ப விட்டா நின்னுகிட்டே தூங்கிடுவேன்."

அதிகாரியம்மா அதையும் எழுதிக்கொண்டார். டிரைவரம்மா பழக்கதோஷத்தில் டம்ளரை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் குனிந்தாள்.

"இங்க குடுங்க, நான் குடிச்சுப் பாக்கறேன். நீங்க போய் உக்காருங்க." ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். "ஒரு ருசியும் இல்லையே!"

"பத்து டம்ளரும் அப்படித்தாங்க இருந்துச்சு."

மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் உத்தரவு வந்தது: கேஸ் முந்தின நாளே வந்து இறங்க வேண்டும், லாரிக்கு இரண்டு டிரைவர்கள். டிப்போவிலேயே கேஸ் தயாரிப்பது பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. அது எப்போது நடக்குமோ, யார் கண்டது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். "உன் புண்ணியத்துல உங்க மாமாவுக்கு லீவு கிடைச்சிருச்சு. காலையிலேருந்து சமையல்கட்டுல நின்னுகிட்டு உப்பு போதாது, புளி போதாதுங்கறார். திரும்ப அனுப்பிவிடேன்!"

டிப்போவில் நின்ற பஸ்ஸின் கடைசி சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்த டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.